வங்கித்துறையில் நிதித் தொழில்நுட்பம்: வாடிக்கையாளர், மேலாளர் மனப்பாங்கினை ஆராயும் முறை

முன்னுரை

வங்கித்துறையில் நிதித் தொழில்நுட்பம் பெற்றுள்ள இடம் குறித்து இன்று மாணவர் பலர் ஆய்வேடு எழுதுகின்றனர். வாடிக்கையாளர் அதனை ஏற்கின்றனரா, மேலாளர் அதனை எவ்வாறு நோக்குகின்றனர் என்னும் இரு வினாக்களே அவ்வாய்வுகளின் மையமாக அமைகின்றன. வினாநிரல் ஒன்றினை அமைத்துச் சில நூறு பேரிடம் விடை பெற்று, விழுக்காடுகளைக் கணக்கிட்டு, ‘இளையோர் விரும்புகின்றனர்; முதியோர் தயங்குகின்றனர்’ என முடிவுரைப்பது வழக்கமாகிவிட்டது.

இம்முடிவு ஆய்வேட்டின் பக்கங்களோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கிளையை மூடலாமா, முகப்புப் பணியாளரைக் குறைக்கலாமா, முதியோர்க்கெனத் தனி உதவி வேண்டுமா என்னும் தீர்மானங்களுக்கு இத்தகைய முடிவுகளே சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆகவே, தவறாகக் கேட்கப்பட்ட ஒரு வினாவின் சுமையை இறுதியில் ஏற்பவர் அவ்வினாவைக் கேட்டவர் அல்லர். விடையளித்த வாடிக்கையாளரே ஆவார். மலேசியச் சூழலை அடிப்படையாகக் கொண்டு, இவ்விரு தரப்பினரின் மனப்பாங்கினை எவ்வாறு ஆராய்தல் தகும் என்பதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழ் வழி வினாநிரல் அமைப்போர் எதிர்கொள்ளும் மொழிச் சிக்கல்களும் இதனுள் அடங்கும்.

மலேசிய வங்கித்துறையில் ஏற்பட்ட மாற்றங்கள்

மனப்பாங்கினை அளப்பதற்கு முன்னர், எதன்பால் கொண்ட மனப்பாங்கு என்பதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். மலேசியாவில் தானியங்கிப் பணப்பட்டுவாடா இயந்திரம் 1981ஆம் ஆண்டில் மேபேங்க் வங்கியால் அறிமுகப்படுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் உள்நாட்டு வங்கிகள் இணையவழிச் சேவை வழங்க மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா இசைவளித்தது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில், புதிய நிதித் தொழில்நுட்பங்களைக் கட்டுப்பாட்டுடன் சோதித்துப் பார்ப்பதற்கான ஒழுங்குமுறைச் சட்டகத்தை அது வெளியிட்டது. 2018ஆம் ஆண்டு இறுதியில் டூயிட்நவ் சேவை தொடங்கியது; கைத்தொலைபேசி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ கொண்டு பணம் அனுப்ப வழி பிறந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐந்து மின்னியல் வங்கிகளுக்கான உரிமம் பெறுவோர் அறிவிக்கப்பட்டனர். அவற்றுள் மூன்று 2013ஆம் ஆண்டு நிதிச்சேவைச் சட்டத்தின் கீழும், இரண்டு அதே ஆண்டின் இசுலாமிய நிதிச்சேவைச் சட்டத்தின் கீழும் அமைந்தன. முதலாவது மின்னியல் வங்கி 2023ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குச் சேவையைத் தொடங்கியது.

இவ்வரிசையை நோக்கும்பொழுது, ‘நிதித் தொழில்நுட்பம்’ என்பது ஒரு பொருளன்று என்பது விளங்கும். இயந்திரத்தில் பணம் எடுக்கும் ஒருவர் மின்பணப்பையை அஞ்சலாம். மின்பணப்பையில் தேநீருக்குப் பணம் செலுத்துபவர், தம் சேமிப்பு முழுவதையும் கிளையே இல்லாத வங்கியில் வைக்க ஒருப்படாதிருக்கலாம். ‘நீங்கள் நிதித் தொழில்நுட்பத்தை விரும்புகிறீர்களா?’ என ஒட்டுமொத்தமாகக் கேட்கும் வினாவிற்குக் கிடைக்கும் விடை, இவ்வேறுபாடுகள் அனைத்தையும் மறைத்துவிடும். எனவே, சேவையைப் பெயர் சுட்டி, செயலைக் குறிப்பிட்டுக் கேட்டலே முறையாகும்.

மனப்பாங்கும் பயன்பாடும்

ஒருவர் ஒன்றைப் பயன்படுத்துவதனாலேயே அதனை விரும்புகிறார் எனக் கொள்ளல் இயலாது. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. 2011 முதல் 2020 வரையிலான நிதித்துறைப் பெருந்திட்டத்தில், ஆண்டுக்கு 207 மில்லியனாக இருந்த காசோலைகளை 100 மில்லியனாகக் குறைப்பதும், தலைக்கு 44ஆக இருந்த மின்னியல் கொடுப்பனவுகளை 200ஆக உயர்த்துவதும் இலக்குகளாக வைக்கப்பட்டன. இதன்பொருட்டு, 2015ஆம் ஆண்டு சனவரி முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் விதிக்கப்பட்டது. மறுபுறம், 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் 5,000 ரிங்கிட் வரையிலான உடனடி இணையப் பணமாற்றத்திற்குத் தனிநபரிடம் பெறப்பட்ட 50 சென் கட்டணம் நீக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபொழுது, வீட்டிலிருந்தே பணம் செலுத்துவது பலருக்குத் தேவையாயிற்று.

கட்டணமும் கட்டுப்பாடும் ஒருவரைப் புதிய வழிக்குத் திருப்பக்கூடும். அத்திருப்பத்தை மனமாற்றம் எனப் பதிவு செய்வது ஆய்வுப் பிழையாகும். விரும்பிச் சேர்ந்தவர், வேறு வழியின்றிச் சேர்ந்தவர், பிள்ளைகள் செய்து தருவதால் சேர்ந்தவராகத் தோன்றுபவர் என மூவகையினரைப் பிரித்தறிதல் வேண்டும். மூன்றாம் வகையினர் நம் குடும்பங்களில் மிகுதி. தாயின் கணக்கிற்கான செயலி மகளின் கைத்தொலைபேசியில் இருப்பின், வங்கியின் பதிவேட்டில் அத்தாய் ‘செயற்படும் இணைய வாடிக்கையாளர்’ ஆகிறார். அவர்தம் மனப்பாங்கினை அப்பதிவேடு கூறாது. ‘இச்சேவையைப் பயன்படுத்துகிறீர்களா?’ என்பதனோடு ‘நீங்களே செய்கிறீர்களா, பிறர் செய்து தருகின்றனரா?’ என்னும் துணைவினாவும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

கோட்பாட்டுச் சட்டகங்களும் அவற்றின் எல்லையும்

இத்துறையில் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது பிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியாகும். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை, பயனுடைமை உணர்வு, எளிமை உணர்வு என்னும் இரண்டினை ஏற்பின் அடிப்படைகளாகக் கொண்டது. ஒரு கருவி தமக்குப் பயன் தரும் எனவும், அதனைக் கையாளுதல் எளிது எனவும் ஒருவர் கருதுவாராயின் அதனை அவர் ஏற்பார் என்பது இதன் சாரம். 2003ஆம் ஆண்டில் வெங்கடேஷ் முதலியோர் எட்டு மாதிரிகளை ஒருங்கிணைத்து, செயற்பயன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சமூகச் செல்வாக்கு, துணைநிலை வசதிகள் என நான்கு கூறுகளைக் கொண்ட ஒருங்கிணைந்த கோட்பாட்டினை வகுத்தனர்.

இவ்விரண்டும் பணியிடங்களில் பிறந்தவை என்பதனை நாம் மறத்தலாகாது. டேவிஸ் ஆராய்ந்தவை மின்னஞ்சல், கோப்புத் திருத்தி முதலான கணினி மென்பொருள்கள். ‘இது என் பணித்திறனை உயர்த்துகிறது’ என்னும் வகையிலான கூற்றுகள் ஊழியரை நோக்கி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே மொழிபெயர்த்து, ஓய்வூதியம் பெற வரும் ஒருவரிடம் நீட்டுவது பொருந்தாது. இக்குறையை உணர்ந்தே, 2012ஆம் ஆண்டில் நுகர்வோர்க்கென அக்கோட்பாடு விரிவாக்கப்பட்டது. இன்ப நாட்டம், விலைக்கேற்ற மதிப்பு, பழக்கம் ஆகியன அதில் சேர்க்கப்பட்டன. ஆக, மேலாளர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டகமும் வாடிக்கையாளர்க்கு 2012ஆம் ஆண்டின் சட்டகமும் பொருந்தி வரும். இரு தரப்பினர்க்கும் ஒரே வினாநிரலைக் கொடுப்பது எளிதாயினும், அஃது ஒருவர் சட்டையை மற்றவர்க்கு அணிவிப்பது போன்றதாகும்.

மேலும், ‘எளிமை உயர்ந்தால் ஏற்பும் உயரும்’ என்னும் கருத்தும் வங்கித்துறையில் முழுமையாகப் பொருந்துவதில்லை. இணைய மோசடிகள் பெருகியதைத் தொடர்ந்து, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தி வழி அனுப்பப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறுதல், முதன்முறை பதிவு செய்வோர்க்குக் காத்திருப்புக் காலம் விதித்தல், ஒரு கணக்கிற்கு ஒரு கருவியை மட்டுமே உறுதிப்படுத்தலுக்கு அனுமதித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். அடுத்த மாதத்தில் தேசிய மோசடி எதிர்வினை மையம் 997 என்னும் எண்ணுடன் தொடங்கப்பட்டது. இந்நடவடிக்கைகள் பயன்பாட்டினைச் சற்றுக் கடினமாக்குகின்றன. ஆயின், அக்கடினமே காப்பாகவும் அமைகிறது. எளிமையை மட்டும் அளக்கும் வினாநிரல், காத்திருப்புக் காலத்தைக் குறையாகவே பதிவு செய்யும். காப்பு, இழப்பச்சம், இழப்பு நேர்ந்தால் தீர்வு கிடைக்கும் என்னும் உறுதி ஆகியவற்றைத் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

மேலாளர்: ஒருவருள் மூவர்

வாடிக்கையாளர் ஆய்வுகளோடு ஒப்பிடுகையில், மேலாளரின் மனப்பாங்கினை ஆராய்வது கடினம். கிளை மேலாளர் மூன்று நிலைகளில் நின்று விடையளிக்கக்கூடும். முதலாவதாக, அவரும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் ஒரு தனிமனிதர். இரண்டாவதாக, தலைமையகம் வகுத்த இலக்கினை நிறைவேற்றும் பொறுப்பாளர். இத்தனை பேரைச் செயலிக்கு மாற்றுதல் வேண்டும் என்பது அவர்தம் பணி மதிப்பீட்டில் இடம்பெறலாம். மூன்றாவதாக, மோசடிக்கு ஆளான வாடிக்கையாளர் முதலில் வந்து நிற்கும் மேசைக்கு உரியவர். ‘நிதித் தொழில்நுட்பம் நன்மை பயக்கும்’ என்னும் கூற்றிற்கு அவர் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ எனக் குறித்தால், அம்மூவருள் எவர் குறித்தார் என்பதை அறிய இயலாது.

ஆகவே மூன்று நிலைகளையும் பிரித்து வினவுதல் வேண்டும். ‘உங்கள் சொந்தக் கணக்கிற்கு எவ்வழியைப் பயன்படுத்துகிறீர்கள்?’, ‘கிளையின் பணிகளில் எது குறைந்துள்ளது, எது கூடியுள்ளது?’, ‘எவ்வகை வாடிக்கையாளர்க்கு இதனைப் பரிந்துரைக்கத் தயங்குவீர்கள்?’ என அவை அமையலாம். மூன்றாவது வினாவே பெரும்பாலும் பயன்மிக்க விடையைத் தருவதாகும். தயக்கம் உண்டா எனக் கேட்டால் ‘இல்லை’ என்பர். எங்கே தயங்குவீர்கள் எனக் கேட்டால் எண்ணிப் பார்த்து விடையளிப்பர்.

மேலாளர் வாடிக்கையாளரை எவ்வாறு அறிந்துள்ளார் என்பதனை அளக்கவும் ஒரு வழி உண்டு. வாடிக்கையாளர்க்குரிய வினாநிரலையே மேலாளரிடம் கொடுத்து, ‘உங்கள் கிளைக்கு வரும் 60 அகவைக்கு மேற்பட்டவர் இதற்கு எவ்வாறு விடையளிப்பர் எனக் கருதுகிறீர்கள்?’ எனக் கேட்கலாம். பின்னர் அக்கிளையின் முதியோரிடம் பெற்ற விடைகளோடு அதனை ஒப்பிடலாம். ‘முதியோர்க்கு ஆர்வமில்லை’ என மேலாளர் கருத, முதியோரோ ‘கற்றுத் தருவார் இல்லை’ எனக் கூறுவராயின், சிக்கல் மனப்பாங்கில் அன்று, கற்பித்தலில் உள்ளது என்பது வெளிப்படும். முன்னதற்குத் தீர்வு விளம்பரம். பின்னதற்குத் தீர்வு பொறுமையுள்ள ஒரு பணியாளர். இரண்டிற்கும் ஆகும் செலவும் பயனும் வேறு வேறாகும்.

தமிழ் வழி வினாநிரலின் சிக்கல்கள்

இந்நாட்டுத் தமிழரிடையே, குறிப்பாகத் தமிழ்ப்பள்ளிக் கல்வியோடு வேலைக்குச் சென்ற மூத்த தலைமுறையினரிடையே ஆய்வு செய்வோர், வினாநிரலைத் தமிழில் அமைத்தல் வேண்டும். அதன் செப்பத்தில் தமிழாசிரியர்க்குப் பெரும்பங்குண்டு.

முதற்சிக்கல் ‘நம்பிக்கை’ என்னும் சொல்லிலேயே எழுகிறது. வங்கி நம்மை ஏமாற்றாது என்பதும் நம்பிக்கை. செயலி பிழையின்றி இயங்கும் என்பதும் நம்பிக்கை. நம்மால் இதனைக் கையாள இயலும் என்பதும் நம்பிக்கை. எல்லாம் நலமாக முடியும் என எதிர்பார்ப்பதும் நம்பிக்கையே. ஆங்கிலத்திலும் மலாயிலும் வெவ்வேறு சொற்களால் சுட்டப்படும் இவை, தமிழில் ஒரு சொல்லினுள் அடங்கிவிடுகின்றன. ‘இணைய வங்கியின்மீது எனக்கு நம்பிக்கை இல்லை’ என ஒரு மூதாட்டி விடையளித்தால், அவர் ஐயுறுவது வங்கியையா, கருவியையா, தம் கண்பார்வையையும் விரல்களையுமா என்பது தெரியாது. ‘வங்கி என் பணத்தைக் காக்கும்’, ‘செயலி தவறின்றி இயங்கும்’, ‘பிறர் உதவியின்றி என்னால் செய்ய இயலும்’ எனச் சொல்லைப் பொருளாகப் பிரித்து எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, விடைத்தெரிவுகளின் சொல்லாட்சி. 1932ஆம் ஆண்டில் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய ஐந்நிலை அளவுகோலைத் தமிழாக்குவோர், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என எழுதுவதுண்டு. இச்சொல்லிற்குக் குற்றத்தை ஏற்றல் என்னும் சாயலும் உண்டு. ‘எனக்குக் கைத்தொலைபேசியைக் கையாளத் தெரியாது’ என்னும் கூற்றின் எதிரில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ எனக் குறிப்பது தம் குறையை அறிக்கையிடுவதாகவே ஒருவர்க்குத் தோன்றலாம். ‘உடன்படுகிறேன்’ அல்லது ‘சரி’ என்பது பொருத்தமானது. எதிர்மறைக் கூற்றிற்கு ‘உடன்படவில்லை’ என விடையளிக்கச் செய்வதும் குழப்பம் விளைவிக்கும். அதனைத் தவிர்த்தல் நன்று.

மூன்றாவது, கலைச்சொற்கள். ‘உயிரியளவு உறுதிப்பாடு’ என எழுதுவதைக் காட்டிலும், ‘கைரேகை அல்லது முகத்தைக் காட்டிக் கணக்கைத் திறத்தல்’ என விளக்குவது வினாநிரலுக்கு ஏற்றது. கலைச்சொல் ஆய்வேட்டில் இடம்பெறட்டும்; வினாவில் மக்கள் வழக்கே இடம்பெறுதல் வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்ததை மற்றொருவர் மூலத்தைக் காணாது மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றி ஒப்பிடும் பின்மொழிபெயர்ப்பு முறையோடு, விடையளிப்போர் சிலரிடம் வினாவை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அதன் பொருளைத் தம் சொற்களிற் கூறச் செய்தலும் வேண்டும். முன்னது மொழிப்பிழையையும் பின்னது புரிதற்பிழையையும் காட்டும். உள்ளிசைவுக் கெழு 0.70ஐத் தாண்டிவிட்டதென்பதால் மட்டும் வினாநிரல் செப்பமானது எனல் ஆகாது. அனைவரும் ஒரு வினாவை ஒரே வகையிற் பிறழப் புரிந்துகொண்டாலும் அக்கெழு உயர்ந்தே இருக்கும்.

மாதிரித் தேர்வும் ஒப்பீடும்

இணையப் படிவத்தைப் புலனக் குழுக்களில் அனுப்பி விடை பெறுவது இன்று பெருவழக்காக உள்ளது. இணையச் சேவையை ஏற்காதவரைக் கண்டறிய இணையத்தையே வாயிலாகக் கொள்வது, ஆற்றைக் கடக்க இயலாதோரை அக்கரையில் நின்று எண்ணுவதை ஒக்கும். அங்கு அவர்கள் இரார். கிளை வாயிலில், மாதத் தொடக்கத்திலும் இடையிலும், காலையிலும் பிற்பகலிலும் எனப் பகுத்து, வருவோருள் குறித்த இடைவெளியில் ஒருவரைத் தெரிவு செய்தல் மேலானது. கிளைக்கே வாராதோரைக் குடியிருப்புப் பகுதிகளிலும் கோயில் வளாகங்களிலும் சந்தித்தல் வேண்டும். படிக்க இயலாதோர்க்கு வினாக்களை வாசித்துக் காட்ட ஏற்பாடும் தேவை.

வாடிக்கையாளர் பட்டியலை வங்கியிடம் கேட்டுப் பெறலாம் என மாணவர் சிலர் எண்ணுகின்றனர். 2013ஆம் ஆண்டு நிதிச்சேவைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, வாடிக்கையாளர் தொடர்பான தகவல்களை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மேலும், மேலாளரே தெரிவு செய்து அனுப்பும் வாடிக்கையாளர் பெரும்பாலும் நிறைவுற்றவராகவே இருப்பர். ஆய்வாளர் கணக்கு எண்ணையோ இருப்புத் தொகையையோ ஒருபோதும் கேட்டலாகாது. மோசடிகள் மலிந்த காலத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாகக் கூறும் அறிமுகமற்ற ஒருவரை முதியவர் ஐயுறுவது இயல்பு, அவ்வையம் மதிக்கத்தக்கது.

புள்ளியியல் ஒப்பீட்டிலும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. பத்துக் கிளைகளில் கிளைக்கு முப்பது பேராக 300 வாடிக்கையாளரிடமும், பத்து மேலாளரிடமும் விடை பெற்றதாகக் கொள்வோம். 300 பேரின் சராசரியையும் பத்துப் பேரின் சராசரியையும் நேரே ஒப்பிடுவது சிறப்பன்று. ஒரே கிளையின் வாடிக்கையாளர் ஒரே வரிசையையும் ஒரே பணியாளரையும் கண்டவராதலால் அவர்தம் விடைகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையன. கிளையையே அலகாகக் கொண்டு, அந்தந்த மேலாளரின் கருத்தை அந்தந்தக் கிளை வாடிக்கையாளரின் கருத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். பத்துக் கிளைகள் என்பது சிறு எண்ணாதலின், நேர்காணலால் அதனை நிறைவு செய்தல் தகும். இடைவெளி எவ்வளவு என எண்கள் கூறும்; ஏன் என்பதை நேர்காணலே கூறும்.

முடிவுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். மலாயாவில் வங்கிகள் பரவலாவதற்கு முன்னர், நகரத்தாரின் கிட்டங்கிகளில் பணம் கொடுத்தும் வாங்கியும் பழகியோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே இருந்தன. எதிரில் அமர்ந்திருந்த மனிதரின் நாணயமே கணக்கின் நாணயமாகக் கருதப்பட்டது. இன்று எதிரில் மனிதர் இல்லை, திரை இருக்கிறது. திரையை ஏற்கத் தயங்குபவர் தொழில்நுட்பத்தை வெறுப்பவர் என எளிதில் முடிவு கட்டலாகாது. தவறு நேர்ந்தால் யாரிடம் சென்று கேட்பது என்பதே அவர்தம் வினாவாக இருத்தல் கூடும்.

அவ்வினாவைக் கேட்டறியத்தக்க வகையில் ஆய்வு அமைதல் வேண்டும். சேவையைப் பெயர் சுட்டிக் கேட்டல், பயன்பாட்டையும் மனப்பாங்கையும் பிரித்தல், மேலாளரின் மூன்று நிலைகளையும் வேறுபடுத்தல், தமிழ்ச் சொற்களின் பொருள் அடுக்குகளை உணர்தல், விடையளிக்க வாயிலற்றோரைத் தேடிச் செல்லல் ஆகிய ஐந்தும் இதற்கு அடிப்படைகள் என நாம் கருதுகிறோம். வணிகவியல் மாணவரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து வினாநிரலை உருவாக்குவராயின், இவற்றுட் பெரும்பாலானவை கைகூடும். கிளை ஒன்று மூடப்படுவதற்கு முன்னர் அங்குள்ள முதியவரின் சொல் சரியாகக் கேட்கப்பட்டிருத்தல் வேண்டும். அதனை உறுதி செய்வது ஆய்வாளரின் கடமையாகும்.